எண்ணிக்கையும் இரக்கமும்

கண்டியிலே, தலதா மாளிகைக்கு அணித்தாய், அரும்பொருட்சாலையின் பின்புறமாக ஏறிச் செல்லும் பாதையின் முடிவில், மரநிழலில் ஒரு பழைய இடுகாடு இருக்கின்றது. 1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர், இங்கு வந்து தங்கிய படையினரும் உத்தியோகத்தரும் அவர்தம் மனைவி மக்களும் அடக்கஞ் செய்யப்பட்ட இடம் அது. நூற்றறுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள். மலைக்காய்ச்சலால் இருபது வயதில் மாண்டவர், காட்டானையின் காலில் அகப்பட்டு மாண்டவர், கண்டி உடன்படிக்கையை வரைவதிற் பெரும்பங்கு கொண்டு 1824இல் மறைந்த சேர் ஜோன் டொயிலி, எல்லாரும் அங்கே உளர். பெயரும் வயதும் நாளும் கல்லிற் பொறித்துள்ளன. நெருங்கி நின்று வாசிப்பவர்க்கு, அந்நியராயினும் அவர் மேல் ஓர் இரக்கம் தோன்றாமற் போகாது.

அதே ஆண்டுகளில், அதே மலைகளில், அதே அரசின் துவக்குகளுக்கும் அது மூட்டிய நெருப்புக்கும் இரையாகி மாண்ட கண்டி நாட்டார் எத்தனை பேர், அவர் பெயர் யாவை என்று வினவினால், தலைவர் சிலருக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்களைத் தவிரச் சுட்டிக் காட்டுதற்கு யாதும் இல்லை.

இதனை இன்று எடுத்துப் பேசக் காரணம் உண்டு. பாலத்தீனத்துச் செய்திகளை வாசிக்கும் மாணாக்கர் பலர் ஒரு வினாவினை வினவுகின்றனர். 2023 ஒக்டோபர் 7ஆந் திகதி ஹமாஸ் இயக்கத்தார் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதன்பின் நிகழ்ந்த போரிற் காசாவில் மாண்டோர் தொகை, அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்குப்படி, 2025 யூலையில் 60,000ஐக் கடந்தது. ஒன்றுக்கு ஐம்பது! இத்தகைய கணக்கைக் கண்ட பின்னரும் உலகின் பொதுசன அபிப்பிராயம் ஒரே முகமாய்த் திரும்பாதிருப்பது எவ்வாறு? எண்ணிக்கை பெருகினால் இரக்கமும் உடன் பெருகுதல் வேண்டாமோ?

நியாயமான வினாவே. ஆயினும் இதற்கு விடை தேட நாம் மேற்காசியாவுக்குப் பயணம் போகவேண்டியதில்லை. கண்டியும் அதனைச் சூழ்ந்த மாத்தளை, குருநாகல் பகுதிகளும் இந்தப் பாடத்தை ஒரு முறையன்று, பல முறை படித்திருக்கின்றன.

முதலில் 1803. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் படை கண்டிக்குட் புகுந்தது. மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் நகரை விட்டு அகன்றான். முத்துசாமி என்பவரை அரசனென்று அரியணையில் இருத்தி, ஒரு காவற்படையை நிறுத்திவிட்டுச் சேனை திரும்பிற்று. காவற்படையைக் காய்ச்சல் தின்றது. யூன் 24ஆந் திகதி மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலி கங்கை பெருகி ஓட, வட்டப்புளுவையில் ஆற்றைக் கடக்க வழியின்றி நின்ற ஆங்கிலச் சிப்பாய்கள் ஆயுதம் இழந்த நிலையிற் கொல்லப்பட்டனர். நகரிலே எழுந்து நடக்கவும் இயலாது பாயிற் கிடந்த நோயாளிகள் நூற்றுக்கு மேற்பட்டோரும் அவ்வாறே மாண்டனர். இது கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆங்கிலேயர் நூல்களில் இந்நிகழ்ச்சி 'கண்டிப் படுகொலை' என்றே பெயர் பெற்றது. அடுத்த இரண்டாண்டும் எல்லைக் கிராமங்களுள் ஆங்கிலப் படைகள் புகுந்து வீடுகளையும் நெற்குவியல்களையும் கொளுத்தின. அவற்றுக்குப் பெயரே இல்லை.

அடுத்தது 1814. கரையோரப் பகுதியிலிருந்து வியாபாரத்தின்பொருட்டுக் கண்டி நாட்டுக்குட் சென்ற பத்துப்பேர் ஒற்றரென்று பிடிக்கப்பட்டு அங்கம் சேதிக்கப்பட்டனர். எழுவர் மாண்டனர். எஞ்சிய மூவர், வெட்டுண்ட உறுப்புகள் கழுத்திலே தொங்கக் கொழும்பு வந்து சேர்ந்தனர். அந்த மூவரைக் கண்ணாற் கண்ட நகரம் எவ்வாறு கொதித்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுமா? எஹெலபொலையின் மனைவி மக்கள் கொலையுண்ட கதையும் அதனோடு சேர்ந்தது. தேசாதிபதி பிரௌண்றிக் நெடுநாள் காத்திருந்த போருக்கு வேண்டிய நியாயம் அவர் வாயிலுக்கே நடந்து வந்தது. 1815 சனவரியிற் போர் தொடங்கிற்று. மார்ச் 2ஆந் திகதி இராச்சியம் கைமாறிற்று. பத்து வியாபாரிகள் ஓர் அரசை வீழ்த்தினர் என்றால் மிகைதான். ஆனால் அவர்களின்றி அப்போரை அறப்போரென்று காட்டுவது அத்துணை எளிதாயிராது.

இப்பொழுது 1818க்கு வருவோம். முந்திய ஆண்டு ஊவாவிலும் வெல்லசையிலும் எழுந்த பெருங்கிளர்ச்சி கண்டி நாட்டின் பெரும்பகுதிக்கும் பரவிற்று. அதனை அடக்கப் படையினர் கைக்கொண்ட வழி ஊரைப் பட்டினி போடுவது. வீடுகள் எரிந்தன, நெல் எரிந்தது, மாடுகள் கொல்லப்பட்டன. அக்காலத்தில் இலங்கையில் இருந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி என்பவர் (1803இன் மேஜர் டேவியோடு இவரை மயங்கற்க, இவர் சுரங்க விளக்குக் கண்ட விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் தம்பியார்) 1821இல் தாம் வெளியிட்ட நூலில், வாளாலும் நோயாலும் பசியாலும் மாண்ட கண்டி நாட்டார் ஏறத்தாழப் பதினாயிரம் பேராகலாம் என மதிப்பிட்டார். ஆங்கிலப் படையும் மிகுந்த இழப்பெய்தியது. ஆயின் அவர்களுட் பெரும்பாலாரைக் கொன்றது காய்ச்சல்.

பதினாயிரம்! இலண்டனில் இதற்கென ஒரு விசாரணைக் குழு கூடியதில்லை. பாராளுமன்றம் கலங்கியதில்லை. தேசாதிபதி எவரும் திருப்பி அழைக்கப்படவில்லை. பதினாயிரம் என்பதும் ஒரு மருத்துவரின் உத்தேசமே. தலை எண்ணியோர் யாருமிலர். அப்போரில் தலையோடு எண்ணப்பட்டவர் ஒருவரே. கெப்பெட்டிபொல நிலமே 1818 நவம்பரிற் போகம்பரையில் சிரச்சேதஞ் செய்யப்பட, அவர் மண்டையோடு எடின்பரோ நகருக்கு ஆராய்ச்சிப் பொருளாய் அனுப்பப்பட்டது. நாடு விடுதலை பெற்ற காலத்திலேதான் அது திரும்பி வந்தது.

முப்பதாண்டு கழிந்தது. 1848இல் நிகழ்ந்தது முற்றிலும் வேறு கதை. அதனைச் சற்று விரித்தே சொல்லல் வேண்டும்.

டொரிங்டன் பிரபு 1847இல் தேசாதிபதியாய் வந்திறங்கியபோது கோப்பி விலை வீழ்ந்து தீவின் கசானா வற்றிக் கிடந்தது. அதனை நிரப்பப் புதிய வரிகள் பிறந்தன. துவக்கு வைத்திருப்போர் ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங் கட்டல் வேண்டும். நாய்க்கு ஒரு சிலிங். கடைக்கு வரி, வண்டிக்கு வரி, வள்ளத்துக்கு வரி. இவற்றுக்கெல்லாம் மேலாக றோட்டுச் சட்டம்: பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், இன்றேல் மூன்று சிலிங் கொடுக்கவேண்டும். நாய்க்கு வரி என்று கேட்டால் இன்று நமக்குச் சிரிப்பு வரும். காட்டுப்பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காப்பது அந்த நாயும் அந்தத் துவக்குமே என்பதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கும். தெருக்களோ தோட்டத்துரைமாரின் கோப்பி கண்டிக்கும் கொழும்புக்கும் இறங்குதற்கு வேண்டியவை.

யூலை 6ஆந் திகதி ஆயிரக்கணக்கான குடிமக்கள் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டு முறையிட்டனர். யூலை 26ஆந் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா என்பவருக்கு அரசனென்று முடிசூட்டப்பட்டது. 28ஆந் திகதி கூட்டம் மாத்தளைக்கு வந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. வரிப் பதிவுகள் அழிந்தன. மறுநாள் மாத்தளையை அடுத்த வாரியபொலையிற் கண்டியிலிருந்து சென்ற படையுடன் மோதல். அன்றே இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. 31இற் குருநாகலிலும் ஒரு மோதல். அவ்வளவே. கலகம் என்று பேர் பெற்றது சில நாளில் முடிந்தது.

இழப்புக் கணக்கைப் பாருங்கள். கிளர்ச்சிக்காரருள் மாண்டோர் ஏறத்தாழ 200 பேர். படையினருள் மாண்டவர் ஒருவருமிலர். ஒரு சிப்பாய்க்குக் காயம். தோட்டங்களிலும் ஊர்களிலும் தனித்திருந்த வெள்ளையர் எவரும் கொல்லப்படவில்லை. இருநூறுக்குச் சுழியம்! ஆனால் இராணுவச் சட்டம் ஒக்டோபர் 10ஆந் திகதிவரை நீங்கவில்லை. இராணுவ நீதிமன்றங்கள் விதிக்க, பதினெண்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 8இற் போகம்பரையில் வீழ்ந்த புரன் அப்பு அவர்களுள் ஒருவர். மற்றொருவர் குடாபொல தேரர்.

அரசுக்கு விரோதமாகச் சத்தியம் செய்துவைத்தார் என்பது இப்பிக்குவின் மேற் சுமத்திய குற்றம். அவர் குற்றமற்றவரென நம்பிய கண்டிப் பிரக்கிராசிமார் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞரான செல்பியிடம் ஓடினர். செல்பி தேசாதிபதியிடம் தவணை வேண்டினார். நாட்டிலுள்ள பிரக்கிராசிமார் அனைவரும் திரண்டு வந்து அவர் குற்றமற்றவரென்று சொன்னாலும், மறுநாட் காலையில் அவர் சுடப்படுவார் என்று டொரிங்டன் பிரபு விடையிறுத்ததாகப் பின்னர் விசாரணையிற் கூறப்பட்டது. ஓகஸ்ட் 26ஆந் திகதி கண்டியில், துறவியின் துவராடையைக் களையாமலே, அவரைச் சுட்டனர்.

இலண்டனை உலுக்கியது இந்தத் துவராடை. அதனை அங்கே கொண்டு சேர்த்தவருள் முதன்மையானவர் கொழும்பு ஒப்சேவர் பத்திராதிபர் டாக்டர் கிறிஸ்தோபர் எலியட், ஓர் அயர்லாந்து வைத்தியர். வரிகளை எதிர்த்து அமைதியான முறையில் முறையிடுமாறு அவர் பத்திரிகையில் யூலை மாதம் வெளிவந்த கடிதம் சிங்களத்திலும் பரவிற்று. கலகத்தை மூட்டியவரே அவரென்று அரசாங்கத்தார் பழி சுமத்தினர். அவர் அஞ்சாது எழுதிக்கொண்டே இருந்தார். 1849 தொடக்கத்தில் ஹென்றி பெய்லி, ஜோசப் ஹியூம் முதலியோரின் முயற்சியாற் பாராளுமன்றம் ஒரு விசேட குழுவை நியமித்தது. சாட்சியம் இரண்டாண்டு நீண்டது. கலகம் அடங்கிய பின்னும் இராணுவச் சட்டம் ஏன்? துறவியை ஆடையோடு சுட்டது ஏன்? சொத்து இருக்குமிடத்தை அறிவிக்கத் தவறுவோர் கொல்லப்படுவர் எனச் சிங்களத்தில் எழுதி மாத்தளையில் ஒட்டிய அறிவித்தல்களில் உள்ள ஒப்பம் கப்டன் வாட்சனுடையதா, அன்றா? அந்த ஒப்பத்தைப் பற்றி மட்டும் எழுதிய பக்கங்கள் எண்ணிலடங்கா. முடிவில் 1850இல் டொரிங்டன் பிரபு திருப்பி அழைக்கப்பட்டார். குடியேற்ற நாட்டுக் காரியதரிசி சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்டும் பதவி இழந்தார். நாய் வரி ஒழிந்தது. றோட்டுச் சட்டம் மட்டும் நிலைத்தது. பிக்குமாருக்கு விலக்குக் கிடைத்தது.

நம் மாணாக்கர் இங்கேதான் நின்று சிந்தித்தல் வேண்டும். பதினாயிரம் பேரின் சாவு அசைக்காத இலண்டனைப் பதினெண்மரின் சாவு அசைத்தது எவ்வாறு? ஏன், மோதலில் வீழ்ந்த அந்த இருநூறு பேருமே விசாரணையில் அதிகம் பேசப்படவில்லை. பேசப்பட்டவர் ஒரு துறவி.

ஆங்கிலேயர்க்குப் பௌத்தத்தின்மேற் பற்று இருந்ததென்று எண்ணலாகாது. அதே ஆண்டுகளில், அரசாங்கம் தலதாவின் காவலில் எவ்விதத் தொடர்பும் கொள்ளலாகாதென்று பாதிரிமார் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தனர். எனினும் எம்மதத்தவராயினும் ஒரு குருவானவரை ஆடையோடு நிறுத்திச் சுடுவது என்னும் காட்சி அவர்தம் மனக்கண்முன் எழுந்தபோது, அவர்கள் தம் நாட்டுக் குருமாரை அவ்விடத்தில் நிறுத்திப் பார்த்தனர். இருநூறு என்பதற்கு ஆடையில்லை, முகமில்லை, மறுநாட் காலை என்று குறித்த நேரமில்லை. துறவிக்கு அவையெல்லாம் இருந்தன. 1814இல் அந்த மூன்று வியாபாரிகளுக்கு இருந்ததும் அதுவே. ஒரு முறை முகம் கண்ட மக்கள் ஒரு நாட்டைப் பிடிக்கும் போருக்குத் தலையசைத்தனர். மறுமுறை முகம் கண்ட மக்கள் ஒரு தேசாதிபதியை இறக்கினர். ஆதலால் இரக்கம் எப்பொழுதும் நல்வழியே செல்லும் என்பதும் உறுதியன்று.

வேறோர் உண்மையையும் மறைத்தலாகாது. விசாரணை கோரியோர் அனைவரும் கண்டிக் குடிகளுக்காக உருகியவரல்லர். அன்றைய அமைச்சர் குழாத்தை வீழ்த்தக் கருவி தேடியோர் சிலர். குடியேற்ற நாடுகளின் செலவைக் குறைக்க விரும்பியோர் சிலர். நோக்கம் கலப்புடையதாயினும் கேள்வி கேட்கப்பட்டது. ஆளும் இனத்தாரே தம் படையை நோக்கி, தம் சபையில், தம் பத்திரிகையிற் கேட்டனர். 1818இல் இல்லாத ஒன்று 1848இல் இருந்தது. கொழும்பில் அஞ்சாத ஓர் அச்சகமும், இலண்டனில் அதனை வாசித்து எழுந்து நிற்க ஓர் எதிர்க்கட்சியும் இருந்தன.

கேள்வி எழுந்தால் எல்லாரும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவர் என்பதுமில்லை. 1919இல் அமிர்தசரசு ஜாலியன்வாலாபாக்கில் மாண்டோர் 379 பேரென்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது, விசாரணையும் நடந்தது, ஜெனரல் டையர் பதவி நீங்கினார். அதே டையருக்காக இங்கிலாந்தில் மோர்னிங் போஸ்ட் பத்திரிகை திரட்டிய நன்கொடை 26,000 பவுணைத் தாண்டியது.

பாலத்தீனப் பிணக்கிலும் 1848ஐ ஒத்த ஒரு வேளை வந்ததுண்டு. 1982 செப்டெம்பரில் லெபனானின் சப்ரா, சத்திலா அகதி முகாம்களில், இஸ்ரேல் படை சூழ நிற்க, லெபனானிய ஆயுதக்குழுவினர் பாலத்தீனரைக் கொன்று குவித்தனர். அப்போது தெல் அவிவ் நகரில் இலட்சக்கணக்கான இஸ்ரேலியர் திரண்டு தம் அரசிடமே விசாரணை கேட்டனர். ககான் குழு அமைந்தது. 1983இற் பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் சாரோன் அப்பதவியை விட்டிறங்க நேர்ந்தது. மாண்டவர் மறுபக்கத்தார், கேட்டவர் இப்பக்கத்தார். இத்தகைய வேளைகள் அருமையாகவே வாய்க்கின்றன. வாய்க்கும்போது ஒரு கவர்னரோ அமைச்சரோ போகின்றார். மாண்டவர் வீட்டுக்கு என்ன போகின்றது என்று கேட்டால், 1848லும் சரி 1983லும் சரி, விடை சிறிது.

காசாவிலோ முகங்களுக்குக் குறைவில்லை. குண்டு துளைத்த மோட்டார் வண்டிக்குள், மாண்ட உறவினர் நடுவே இருந்து தொலைபேசியில் உதவி கேட்ட ஐந்து வயதுச் சிறுமியின் குரலை உலகமே கேட்டது. அதற்கு முன்னரே, பிணையாகக் கொண்டுபோகப்பட்ட ஒன்பது மாதக் கைக்குழந்தையின் படத்தையும் உலகம் கண்டிருந்தது. ஒரு வீட்டார் ஒரு முகத்தைப் பார்த்தனர். மற்றொரு வீட்டார் மற்றதைப் பார்த்தனர். இரு முகத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த வீடுகள் எத்தனையோ? இதன் மேலும் எண்ணிக்கையைப் பற்றியே வழக்கு. காசாவின் கணக்கு ஹமாஸ் ஆட்சியின் கீழுள்ள அமைச்சினுடையது, ஆதலால் ஏற்கலாகாது என்கின்றனர் இஸ்ரேல் தரப்பார். ஆயின் வெளிநாட்டுச் செய்தியாளர் தாமாகச் சென்று பார்ப்பதற்கு வழி திறக்கப்படவில்லை. உள்ளே இருந்து எழுதிய பாலத்தீனச் செய்தியாளருள் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எண்ணுகிறவனை நம்பமாட்டேன், வேறொருவன் வந்து எண்ணவும் விடமாட்டேன் என்பது வழக்காடும் முறையாகாது.

இதனைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லிவிடல் வேண்டும். ஒக்டோபர் 7ஆந் திகதி வீட்டிலும் விழாவிலும் இருந்தவரைக் கொன்றதைக் கொலையென்று சொல்ல நா எழாதவர் அறுபதினாயிரத்தைப் பற்றி எவ்வளவு உரத்துப் பேசினாலும் எதிரிலிருப்பவர் செவி திறவார். சிறிய எண்ணை ஒப்புக்கொள்வதாற் பெரிய எண் சிறுத்துவிடாது.

நம் தீவிலே நாம் இதனை எவ்வளவு கற்றோம்? 1998 சனவரி 25ஆந் திகதி தலதா மாளிகையின் வாயிலில் விடுதலைப் புலிகள் வெடிக்கச் செய்த குண்டு வண்டியால் குழந்தைகள் உட்படப் பதினைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி அதனை மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. 2009இல் முல்லைத்தீவுக் கரையோரத்திற் போர் முடிந்தபோது மாண்ட பொதுமக்கள் நாற்பதினாயிரம் பேர்வரை இருக்கலாமென ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. அரசாங்கம் அதனை மறுத்தது. கண்டியில் எத்தனை வீடுகளில் இவ்விரண்டாம் எண் தெரியும்? வடக்கில் எத்தனை வீடுகளில் முதல் எண் தெரியும்? இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எவரேனும் இருப்பின் அவரைக் கண்டு கைகூப்ப விரும்புகின்றேன்.

இனி 1848க்கே ஒருமுறை திரும்புவோம். அந்த ஆண்டுக் கணக்கில் விரித்து வாசிக்காத ஏடு ஒன்று உண்டு. அது நம்மவர் ஏடு.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குக் கிளர்ச்சிக்காரர் இறங்கி வந்த அதே வழியால், அதே ஆண்டுகளில், வேறொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை, கண்டிக் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளர். காட்டிலே நீரில்லை, தங்குமடமில்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் உண்டு. நடக்க மாட்டாதவன் வழியிலே விடப்பட்டான். 1841 முதல் 1849 வரை இவ்வாறு வழியிலும் தோட்டங்களிலும் மாண்டோர் எழுபதினாயிரம் பேர், அஃதாவது வந்தவருள் நாலில் ஒருவர் என்று 1849இல் ஒரு பத்திரிகை மதிப்பிட்டது. எந்தப் பத்திரிகை? அதே கொழும்பு ஒப்சேவர்.

துறவியின் சாவுக்குக் குரல் கொடுத்த அதே அச்சகம், அதே காலத்தில், எழுபதினாயிரம் என்றும் அச்சிட்டது. முன்னதற்கு ஒரு தேசாதிபதி பதவி இழந்தார். பின்னதற்கு ஒருவரும் இழக்கவில்லை. மதிப்பீடு மிகையென்று கொண்டு பாதியாக்கினாலும், அதிலும் பாதியாக்கினாலும், 1818இன் பதினாயிரத்தை விட அது பெரிது. 1848இன் இருநூறோடு வைத்துப் பேசவே இயலாது. ஆனால் சுட்டவர் ஒருவரில்லை. குறித்த ஒரு காலையில்லை. மாண்டவர் யாவரென்று கேட்டால் கங்காணியின் கையிலிருந்த கணக்கில் ஆள் குறைந்தது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஊரிலே காத்திருந்தவர்க்கோ பாராளுமன்றத்தில் எழுந்து நிற்க ஒரு ஹியூம் இல்லை. தமிழ்ப் பத்திரிகைகள் தாமும் அக்காலத்தில் இதனைப் பெரிதாய் எழுதியதாகத் தெரியவில்லை. கண்டிக் குடியானவனும் இத்தொழிலாளியைத் தன்போல் வதைபட்டவனாக அன்று காணவில்லை. துரையின் ஆளாகவே கண்டான். தெருவேலைக்கு ஆறு நாள் பிடிபட்டவனும், அந்தத் தெருவிலே நடந்து மாண்டவனும் ஒருவரையொருவர் அறியாமலே போயினர்.

மலையகத் தமிழர் இத்தீவுக்கு வந்து இருநூறாண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2023 யூலை 28ஆந் திகதி ஒரு நடைபயணம் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டது. தோட்டத்துப் பெண்கள், ஆசிரியர், இளைஞர், குருமார் எனப் பலர் அந்தப் பழைய வழியைத் தழுவி நடந்தனர். வழிநெடுகச் சிங்கள ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் மக்கள் தண்ணீர் கொடுத்தனர். ஓகஸ்ட் 12ஆந் திகதி அவர்கள் மாத்தளை வந்து சேர்ந்தனர்.